பல்பு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து ஆயுளைக் குறைத்தது உண்மையா?

கேள்வி இது: "பொருட்கள் சீக்கிரம் கெட்டுப்போக வேண்டும் என்றே தயாரிக்கிறார்கள், பல்பு கம்பெனிகள் ரகசியமாகக் கூடிப் பேசி ஆயுளைக் குறைத்தன என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. இது வெறும் சதிக்கோட்பாடா, ஏதாவது உண்மை உண்டா?"

உண்மை உண்டு. பல்பு விஷயத்தில் கூட்டுச் சேர்ந்தார்கள், ஆயுளைக் குறைத்தார்கள், அதற்கான காகிதங்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்களில் பாதிப்பேர் தவறான ஆதாரத்தைக் காட்டுகிறார்கள். மறுப்பவர்களோ சரியான இயற்பியலைச் சொல்லிவிட்டு அதோடு விஷயம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் நடந்தது. 1924 டிசம்பர் 23 அன்று ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு தயாரிப்பாளர்கள் கூடினார்கள். ஜெர்மனியின் ஓஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ், பிரான்ஸின் கம்பனி தே லாம்ப், ஹங்கேரியின் டங்ஸ்ராம், ஜப்பானின் டோக்கியோ எலக்ட்ரிக் ஆகியவை முக்கியப் புள்ளிகள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நேரடியாகக் கையெழுத்துப் போடவில்லை, அங்கே ஏகபோகத் தடைச் சட்டம் இருந்தது. அதன் வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள் வழியாக உள்ளே இருந்தது. இவர்கள் சேர்ந்து சுவிட்சர்லாந்தில் ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். வெளியே சொன்ன நோக்கம் விளக்குத் தொழிலின் வளர்ச்சி, தரப்படுத்தல், காப்புரிமைப் பகிர்வு. இதில் பொய் எதுவும் இல்லை, அதையும் செய்தார்கள். கூடவே யாருக்கு எந்த நாட்டுச் சந்தை, ஆண்டுக்கு எத்தனை பல்பு, ஒரு பல்பு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்பதையும் முடிவு செய்தார்கள். ஒப்பந்தம் 1955 வரை போவதாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து 1939-40-இல் அதை முறித்துவிட்டது.

ஏன் இந்த ஏற்பாடு என்பதற்கு ஓஸ்ராமின் கணக்கே போதும். 1922-23-இல் அது ஜெர்மனியில் 6 கோடியே 30 லட்சம் பல்புகளை விற்றது. அடுத்த ஆண்டு 2 கோடியே 80 லட்சம். அந்த வருடத்து ஜெர்மானியப் பணவீக்கத்துக்கும் இதில் பங்கு இருந்திருக்கும், எல்லாவற்றையும் பல்பின் ஆயுள் மேல் போட முடியாது. ஆனாலும் 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் எரியும் பல்பை விற்கிறவருக்கு அடுத்த விற்பனை எப்போது வரும் என்ற பயம் இயல்பானது.

அவர்கள் வைத்த இலக்கு 1,000 மணி நேரம். ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் பல்புகளின் மாதிரிகளைச் சுவிட்சர்லாந்தில் இருந்த மையச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வரிசையாக மாட்டி எரியவிட்டு ஆயுளைக் குறித்துக்கொள்வார்கள். இலக்கைத் தாண்டி எரிந்தால் அபராதம். 1929-இல் இதற்கென ஓர் அட்டவணையே இருந்தது: சராசரி ஆயுள் இவ்வளவு கூடுதலாக இருந்தால், விற்ற ஒவ்வொரு ஆயிரம் பல்புக்கும் இத்தனை சுவிஸ் பிராங்க் கட்ட வேண்டும் என்று. இதன் பலன் எண்ணிலேயே தெரிகிறது. 1926-இல் உறுப்பினர்களின் பல்புகள் சராசரியாக 1,800 மணி நேரம் எரிந்தன. 1933-34 கணக்கில் அது 1,205-ஆக இறங்கியது. பெர்லின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஓஸ்ராம் கோப்புகளில் இவை இருக்கின்றன. மார்க்குஸ் கிராயேவ்ஸ்கி என்ற ஊடக வரலாற்றாசிரியர் அவற்றைத் தோண்டி எழுதிய பிறகுதான் இந்தக் கதைக்கு எண்களோடு ஓர் உடம்பு கிடைத்தது.

இப்போது மறுதரப்பு. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, ஏனென்றால் இயற்பியல் உண்மையிலேயே அவர்கள் பக்கம் நிறைய நிற்கிறது.

குண்டு பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் கம்பிச் சுருள். டங்ஸ்டன் 3,422 டிகிரியில் உருகும். சாதாரண பல்பில் அது சுமார் 2,400-லிருந்து 2,500 டிகிரியில் எரிகிறது. அந்தச் சூட்டில் கம்பியின் மேற்பரப்பிலிருந்து உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய பல்பின் கண்ணாடி உள்பக்கம் கருத்துப்போவது அந்த ஆவி படிந்ததால்தான். கம்பி எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. எங்கே சற்று மெலிந்திருக்கிறதோ அங்கே மின்தடை கூடும், சூடு கூடும், ஆவியாவது கூடும், இன்னும் மெலியும். கடைசியில் ஒருநாள் சுவிட்சைப் போடும்போது அந்த இடம் அறுந்துவிடும். சுவிட்ச் போடும் நொடியிலேயே பல்பு போவதற்குக் காரணம், குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை எரியும்போது இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுதான். முதல் சில மில்லி விநாடிகளுக்குப் பல மடங்கு கரண்ட் பாய்கிறது. மெலிந்த கம்பி அந்த உதையைத் தாங்காது.

சூட்டைக் குறைத்தால் ஆவியாவது குறையும், ஆயுள் கூடும். ஆனால் இழுக்கும் வாட் குறைவதைவிட வெளிச்சம் மோசமாக அடிவாங்கும். தோராயமான விதி இது: வோல்டேஜ் மாறும்போது வெளிச்சம் அதன் 3.4 அடுக்கிலும், இழுக்கும் வாட் 1.6 அடுக்கிலும் மாறும். ஆயுளோ தலைகீழாக 13-ஆம் அடுக்கில் மாறும். 13 என்பது பயங்கரமான அடுக்கு. வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் ஆயுள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வெளிச்சம் 84 சதவீதம். 10 சதவீதம் குறைந்தால் ஆயுள் நான்கு மடங்கு, வெளிச்சம் 70 சதவீதம். 5 சதவீதம் கூடினால் ஆயுள் பாதி.

இதைக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சமன்பாடு போட்டு விளக்க வேண்டியதில்லை. லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் சாயங்காலம் லோ வோல்டேஜில் செம்மஞ்சளாக அழுது வடியும் குண்டு பல்பு வருஷக்கணக்கில் போகாது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் பளிச்சென்று எரியும், அடிக்கடி ஃபியூஸ் போகும். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே கம்பெனி பல்புகள்தான்.

சரி, 1,000 மணி நேரத்துக்குப் பதில் 2,500 மணி நேரம் எரியும் பல்பு செய்திருந்தால் வாங்குபவருக்கு லாபமா? கணக்குப் போடலாம். 60 வாட் பல்பு, விலை 15 ரூபாய், யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயுளை இரண்டரை மடங்காக்க அதே கம்பியைச் சுமார் 93 சதவீத வோல்டேஜில் ஓட்டுவதற்குச் சமமாக வடிவமைக்க வேண்டும். வெளிச்சம் 79 சதவீதமாகும், வாட் 89 சதவீதமாகும். அதாவது ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் 12 சதவீதம் சரிகிறது. பழைய அளவு வெளிச்சம் வேண்டுமென்றால் 60 வாட்டுக்குப் பதில் 68 வாட் போட வேண்டும். ஆயிரம் மணி நேரத்துக்கு 8 யூனிட் கூடுதல், 40 ரூபாய். மிச்சமானது எவ்வளவு? ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு முழு பல்புக்குப் பதில் 0.4 பல்பு செலவாகிறது, 9 ரூபாய் மிச்சம். 9 ரூபாயை மிச்சப்படுத்த 40 ரூபாய் கரண்ட் பில். குண்டு பல்பில் நீண்ட ஆயுள் என்பது வாங்குபவர் தலையில் விழும் நஷ்டம்.

நம் வீடுகளில் இருந்த 'சீரோ வாட்' பல்பு இதற்கு நல்ல உதாரணம். பெயர்தான் சீரோ, இழுப்பது 12-லிருந்து 15 வாட். வருஷக்கணக்கில் எரியும். அந்த வாட்டுக்கு அது கொடுக்கும் வெளிச்சத்தில் கொசுவலையைத் தேடிக் கட்டலாம், அவ்வளவுதான்.

பிரிட்டனில் ஏகபோகங்களை விசாரிக்கும் அரசு ஆணையம் 1951-இல் மின்விளக்குத் தொழில் பற்றி அறிக்கை கொடுத்தபோது இந்த வாதத்தைத்தான் ஏற்றுக்கொண்டது. எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே சரியான ஆயுள் என்று எதுவும் கிடையாது, பொதுப் பயன்பாட்டுக்கு 1,000 மணி நேரம் நியாயமான சமரசம் என்றது. சதிக்கோட்பாட்டை மறுப்பவர்கள் நீட்டும் முதல் காகிதம் இது.

இங்கேதான் இரு தரப்பும் ஒன்றைத் தவறவிடுகின்றன. 1,000 என்ற எண்ணை நியாயப்படுத்த முடியும். அபராதத்தை முடியாது. குறைந்த ஆயுளே வாங்குபவருக்கு லாபம் என்றால், நீண்ட ஆயுள் பல்பு செய்கிறவர் சந்தையில் தானாகவே தோற்றிருப்பார். அவரைப் பிடித்து மாதிரி வாங்கி, எரியவிட்டு, ஆயிரத்துக்கு இத்தனை பிராங்க் என்று தண்டம் போட வேண்டிய தேவை யாருக்கும் வராது. வெளிச்சத்தின் அளவு குறைவாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் வெளிச்சத்தின் அலகான லூமனை அளந்து அபராதம் போட்டிருக்கலாம். அவர்கள் அட்டவணையில் அபராதம் கட்டப்பட்டிருந்தது மணி நேரத்தோடு.

அவர்களுடைய கடிதப் போக்குவரத்தும் இதையே சொல்கிறது. சில உறுப்பினர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள்: ஊர் மின்சாரத்தைவிடக் கூடுதல் வோல்டேஜுக்கு வடிவமைத்த பல்பை விற்பது. 220 வோல்ட் ஊரில் 240 வோல்ட் பல்பை மாட்டினால், மேலே சொன்ன விதிப்படி, ஆயுள் மூன்று மடங்கு, வெளிச்சம் கால் பங்கு குறைவு. சோதனைக்கூடத்தில் 240-இல் எரியவிட்டால் ஒழுங்காக 1,000 மணி நேரம் காட்டும், அபராதமும் கிடையாது. இதைக் கண்டு கொதித்து ஜெனரல் எலக்ட்ரிக்கின் சர்வதேசப் பிரிவுக்கு எழுதியவர் பிலிப்ஸ் நிறுவனத்தின் தலைவர் அன்டன் பிலிப்ஸ். இது மிக ஆபத்தான பழக்கம், கூட்டணியின் மொத்த விற்றுமுதலைப் பாதிக்கிறது, நீண்ட ஆயுள் பல்புகளின் காலத்திலிருந்து பாடுபட்டு வெளியே வந்த பிறகு மறுபடியும் அதே சேற்றில் விழக்கூடாது என்பது கடிதத்தின் சாரம். கவலை விற்றுமுதல் பற்றியது. டோக்கியோ எலக்ட்ரிக் 1927-இல் அனுப்பிய குறிப்பு இன்னும் வெளிப்படை: ஆயுளைக் குறைத்த பிறகு விற்பனை ஐந்து மடங்கானது என்று மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறது.

இன்னொரு தடயம் விலை. உற்பத்திச் செலவு இறங்கிக்கொண்டே வந்த காலத்தில் கூட்டணியின் விலைகள் அதே வேகத்தில் இறங்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பு அண்டை நாட்டுக் கூட்டுறவுகளோடு சேர்ந்து லூமா என்ற பெயரில் சொந்தமாகப் பல்பு தொழிற்சாலை தொடங்கியது. அதற்குப் பிறகு அங்கே பல்பு விலை விழுந்தது. வெளியாள் ஒருவர் நுழைந்ததும் விலை விழுகிறது என்றால் அதற்கு முந்தைய விலை எப்படி நின்றது என்று கேட்கத் தோன்றும்.

இந்த இடத்தில் எப்போதும் காட்டப்படும் தவறான ஆதாரத்தையும் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிகிறது. "அப்போதே நூறு வருஷம் எரியும் பல்பு செய்யத் தெரிந்திருந்தது, மறைத்துவிட்டார்கள்" என்று இதன் படத்தைப் பகிர்கிறார்கள். அது ஷெல்பி கம்பெனியின் கார்பன் இழை பல்பு, தடித்த இழை. இன்று அது தருவது 4 வாட் பல்பு அளவு மங்கல் ஒளி, பாதி இருட்டில் தணல்போல் தெரியும். கார்பன் டங்ஸ்டனுக்கு நேர்மாறு: குளிரில் மின்தடை கூடுதல், சூடேறினால் குறையும். அதனால் சுவிட்ச் போடும் நொடியின் உதை அதற்குக் கிடையாது. போதாக்குறைக்கு அதை அணைப்பதே இல்லை. 2013 மே மாதம் ஒரு நாள் அணைந்துபோய், சரி முடிந்தது கதை என்று எல்லோரும் நினைத்தபோது, கெட்டுப்போயிருந்தது அதற்கு மின்சாரம் கொடுத்த யூ.பி.எஸ். என்று தெரிந்தது. பல்பு மறுபடி எரிந்தது. வேடிக்கையான விஷயம்தான், ஆனால் அந்த ஒளியில் தினத்தந்தி படிக்க முடியாது. மறைத்த ரகசியம் எதுவும் அதில் இல்லை.

இனி இன்றைய எல்.இ.டி. பல்பு. அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும், ஒன்றரை வருஷத்தில் மினுக் மினுக் என்று கண்ணடித்துப் போய்விடும். மறுபடி ஃபீபஸா?

ஒரு 9 வாட் பல்பின் வெள்ளைத் தொப்பியைத் திருகிக் கழற்றினால் உள்ளே வட்டமான அலுமினியப் பலகை. அதன் மேல் மஞ்சள் சதுரங்களாகப் பத்துப் பதினைந்து எல்.இ.டி.கள், எல்லாம் வரிசையாகத் தொடர் இணைப்பில். மலிவான பல்புகளில் எல்.இ.டி.களுக்கு மின்சாரம் ஊட்டும் 'டிரைவர்' சுற்றும் அதே பலகையில்தான்: ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ், ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன ஐ.சி., அந்த ஐ.சி.க்கு 'இவ்வளவு கரண்ட் விடு' என்று சொல்லும் ஒன்றோ இரண்டோ சிறு ரெசிஸ்டர்கள். 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 325 வோல்ட். 15 எல்.இ.டி.கள், ஒவ்வொன்றும் 18 வோல்ட் என்றால் சங்கிலி 270 வோல்ட். 33 மில்லி ஆம்பியர் விட்டால் சுமார் 9 வாட்.

இந்தப் பல்பு எப்படிச் சாகிறது? 9 வாட்டில் ஆறு வாட் அளவு சூடாகத்தான் போகிறது. அந்தச் சூடு பலகை வழியாக உடலுக்கும், உடலிலிருந்து காற்றுக்கும் போக வேண்டும். விலையைக் குறைக்க உடலுக்குள் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தை மெலிதாக்குகிறார்கள், எல்.இ.டி. எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றிலும் கூடுதல் கரண்ட் விடுகிறார்கள். ஒரே ஒரு எல்.இ.டி.யின் உள்கம்பி சூட்டில் விட்டுப்போனால் சங்கிலி முழுவதும் அணையும். ஆறியதும் கம்பி திரும்பத் தொடும், எரியும், சூடாகும், விடும். அந்தக் கண்ணடிப்பு பல நேரம் இதுதான். போன எல்.இ.டி.யின் நடுவில் கடுகளவு கரும்புள்ளி இருக்கும். கெப்பாசிட்டருக்கு வேறு கணக்கு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட ரகத்துக்கும் 10,000 மணி நேர ரகத்துக்கும் விலை வித்தியாசம் சில காசுகளிலிருந்து ஓரிரு ரூபாய்தான். எதைப் போடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 25,000 மணி நேரம் என்பது பெரும்பாலும் நல்ல சூழலில் எல்.இ.டி.யின் ஒளி 70 சதவீதமாகக் குறையும் காலம். டிரைவர் அதுவரை பிழைத்திருக்கும் என்று அட்டை வாக்குக் கொடுப்பதில்லை.

இதில் கூட்டுச் சதி இருக்கிறதா? அபராதம் போடும் அமைப்பு எதுவும் இங்கே தெரியவில்லை, தேவையும் இல்லை. 70 ரூபாய் பல்புக்கும் 95 ரூபாய் பல்புக்கும் வெளியே வித்தியாசம் தெரியாத கடையில் 70 ரூபாய் பல்புதான் ஜெயிக்கும். ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் குண்டு பல்பு காலத்தில் கம்பெனிகளுக்கு இருந்த நல்ல சாக்கு ஒன்று இப்போது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆயுளைக் கூட்டினால் கரண்ட் பில் ஏறியது. எல்.இ.டி.யில் கரண்ட்டைக் குறைத்து ஓட்டினால் ஆயுளும் கூடுகிறது, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடுகிறது. இதற்கு ஆகும் செலவு ஒன்றுதான்: அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் எல்.இ.டி.கள் வைக்க வேண்டும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சி துபாயில் இருக்கிறது. துபாய் மாநகராட்சியோடு பிலிப்ஸ் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 2016-இல் வந்தது 'துபாய் லேம்ப்'. 3 வாட்டில் 600 லூமன், அதாவது வாட்டுக்கு 200 லூமன். சாதாரண பல்புகள் 100-ஐச் சுற்றி இருந்த காலம் அது. மந்திரம் ஒன்றும் இல்லை: எல்.இ.டி. இழைகளைக் கூட்டி, ஒவ்வொன்றையும் மெதுவாக ஓட்டினார்கள். கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் மொத்தமாகக் கேட்டார், செய்து கொடுத்தார்கள். தொடக்கத்தில் அது துபாய்க்கு மட்டும்தான். மற்ற ஊர்க்காரர்கள் படம் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கை உள்ளவர்கள் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். உதாரணமாக ஒரு பலகையில் 27 ஓம், 56 ஓம் என இரண்டு ரெசிஸ்டர்கள் இணையாக இருந்து, ஐ.சி.யின் குறிப்பு வோல்டேஜ் 0.6 என்றால், கரண்ட் 33 மில்லி ஆம்பியர். 56-ஐ எடுத்துவிட்டால் 22-ஆக இறங்கும், 9 வாட் பல்பு 6 வாட் ஆகும். வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே போகும், சூடு நன்றாகத் தணியும். இதில் தவறு நடப்பது எங்கே என்றால், இந்தப் பலகையில் டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பு எதுவும் கிடையாது. எரியும்போது ஒவ்வொரு புள்ளியும் நேரடி மெயின் கரண்ட். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம், குறைந்த வாட் பல்புகள் இரண்டு வாங்கி மாட்டினால் அதே பலன். கரும்புள்ளி விழுந்த எல்.இ.டி.யைக் கம்பி வைத்து ஷார்ட் செய்து ஓட்டுவதும் வழக்கத்தில் உண்டு. ஒன்று வரை சரி. இரண்டு மூன்று ஷார்ட் செய்தால் அந்த எல்.இ.டி.கள் வாங்க வேண்டிய வோல்டேஜ் எல்லாம் ஐ.சி. தலையில் விழுந்து அது வெந்துவிடும்.

"வாரண்டி முடிந்த மறுமாசமே போச்சு, உள்ளே டைமர் வைத்திருக்கிறான்" என்பது அடுத்த நம்பிக்கை. டைமர் தேவையே இல்லை. ஒரு சாதனத்தின் உதிரிகள் தேய்ந்துதான் போகின்றன என்று வைத்துக்கொள்வோம், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை ஐந்து வருஷத்துக்குள் போகும். நம்பகத்தன்மைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வைபுல் வளைவில் இதற்கு வடிவ எண் 3 என்று போட்டால் முதல் வருஷத்தில் பழுதாவது 0.8 சதவீதம். இரண்டாம் வருஷ முடிவில் 6, மூன்றாம் வருஷ முடிவில் 19, நான்காம் வருஷ முடிவில் 40. கம்பெனிக்காரர் இந்த வளைவைப் பார்த்துவிட்டு வாரண்டியை ஒரு வருஷம் என்று வைக்கிறார். நூற்றுக்கு ஒருவருக்குக்கூட மாற்றிக் கொடுக்க வேண்டாம். வளைவு மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் வாரண்டியை முடிக்கிறார், அதனால் நமக்கு 'முடிந்ததும் போனது' போலத் தெரிகிறது. முடிந்து மூன்று வருஷம் கழித்துப் போன மிக்ஸியைப் பற்றி யாரும் டீக்கடையில் புலம்புவதில்லை என்பதும் உண்டு.

பிரிண்டரில் மட்டும் எண்ணும் கருவி நிஜமாகவே இருக்கிறது. இங்க்ஜெட் பிரிண்டர் தன் தலையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் மையை அடியிலுள்ள பஞ்சுத் திண்டில் துப்பும். எத்தனை துப்பியது என்று மென்பொருள் எண்ணிக்கொண்டே வந்து, எல்லையை எட்டியதும் அச்சடிக்க மறுத்துவிடும். காரணம் நியாயம்தான், திண்டு நிரம்பினால் மை மேசையில் ஒழுகும். நியாயமில்லாதது, பல மாடல்களில் அந்தத் திண்டைப் பயனாளரே மாற்ற வழி வைக்காதது. சர்வீஸ்காரர்கள் மென்பொருள் வைத்துக் கணக்கை மட்டும் பூஜ்ஜியமாக்கித் தருவார்கள். திண்டை மாற்றாமல் இரண்டு முறை இப்படிச் செய்தால் அடியிலிருந்து கருநீலமாகக் கசியும். வாங்கும்போதே 'மெயின்டனன்ஸ் பாக்ஸ்' தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடலா என்று பாருங்கள். மாற்று கார்ட்ரிட்ஜ் விவகாரம் இதைவிடப் பச்சையானது: 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்.பி.யின் பல மாடல் பிரிண்டர்கள் ஒரே நாளில் வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை மறுக்கத் தொடங்கின. தேதி முன்கூட்டியே மென்பொருளில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்க வழி கொடுத்தார்கள்.

ஐபோன் விஷயம் ஃபீபஸ் போலவே பாதி நியாயம், பாதி மறைப்பு. பழைய லித்தியம் பேட்டரியின் உள்மின்தடை கூடும். 3.8 வோல்ட் பேட்டரியில் அது 0.1 ஓமிலிருந்து 0.3 ஓம் ஆனால், செயலி திடீரென 3 ஆம்பியர் இழுக்கும்போது வோல்டேஜ் 3.5-க்குப் பதில் 2.9-க்கு விழும், போன் 30 சதவீத சார்ஜிலும் பட்டென்று அணையும். 2017 ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ். 10.2.1 இதைத் தவிர்க்கச் செயலியின் வேகத்தைக் குறைத்தது. ஏற்கத்தக்க தீர்வு. ஆனால் வேகத்தைக் குறைக்கிறோம், பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் வரும் என்று பயனாளரிடம் சொல்லவில்லை. பலர் புதுப் போன் வாங்கினார்கள். வேகச் சோதனை எண்களை வைத்து வெளியாட்கள் நிரூபித்த பிறகு 2017 டிசம்பரில்தான் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது, சொல்லாமல் மறைத்ததற்காக. இன்று செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் என்ற பக்கம் இருப்பது அந்தச் சண்டையின் மிச்சம். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் போனை மாற்றும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

இதே பிரான்ஸில் 2015 முதல் பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் யூரோ வரை அபராதம். சட்டம் இருந்தும் நிரூபிப்பது கடினம், ஏனென்றால் 'வேண்டுமென்றே' என்பதற்கு ஃபீபஸ் அட்டவணை மாதிரி ஒரு காகிதம் வேண்டும். மலிவான கெப்பாசிட்டரைப் போட்டவர் 'விலையைக் குறைத்தேன்' என்று சொல்லிவிட்டுப் போவார். அதனால் இதுபோன்ற குற்றச்சாட்டு எது வந்தாலும் முதலில் நான் தேடுவது, நீண்ட காலம் உழைக்கும் பொருளைச் செய்தவரை யாராவது தண்டித்தார்களா, தடுத்தார்களா என்பதைத்தான். கெட்டுப்போன பொருள் எத்தனை காட்டினாலும் அதில் விடை கிடைக்காது.

பல்பு வாங்குபவர்களுக்கு நடைமுறையில்: அட்டையில் லூமனை வாட்டால் வகுங்கள், ஒரே வாட்டில் லூமன் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் எல்.இ.டி.களை நிதானமாக ஓட்டும் பல்பு. கையில் தூக்கிப் பாருங்கள், கனம் இருந்தால் உள்ளே அலுமினியம் இருக்க வாய்ப்பு. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் 9 வாட் பல்பை மாட்டாதீர்கள், சூடு வெளியேற வழியில்லை, அங்கே 5 வாட் போதும். தினம் 8 மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்கு 2,920 மணி நேரம். அட்டையின் 25,000 என்பது எட்டரை வருஷம், வாரண்டியோ ஒன்றோ இரண்டோ வருஷம். உங்கள் கையில் சட்டப்படி இருப்பது அந்த இரண்டாவது எண்தான். அதனால் பல்பை மாட்டும் அன்றே அதன் அடிப்பாகத்தில் மார்க்கரால் தேதி எழுதுங்கள், பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். கடைகள் கொடுக்கும் வெப்பக் காகித பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.